கீழ்நோக்கி வரைந்த கிணறுகள்

"நீ வட்டம் போட்டு கலர் அடிச்சா கெணத்துல தண்ணி ஊறிடுமாடி?"

அத்தை இப்படிக் கேட்டபோது அவள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமும் இருந்தன. இரண்டும் காலி. வைகாசி மாதத்துக் காலை. நான் கூடத்தில் அட்டையை விரித்து, பெரிய வட்டம் ஒன்று போட்டு, அதை ஆறு துண்டாகப் பிரித்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஊறாது அத்த. ஆனா தோண்டறவங்க கண்ணுல படும்."

"ஆங், படும் படும். எனக்குத் தெரிஞ்சி கால்ல முள்ளுதான் படுது."

சொல்லிவிட்டு இஞ்சின் கிணற்றுக்குக் கிளம்பினாள். அத்தை என் அப்பாவின் தங்கை. அடுத்த வீடு. எங்கள் தெருக் கிணறு சித்திரை பிறந்தால் வற்றிவிடும். வாளி விட்டால் மணல் வரும். மழை விழும்வரை தெருப் பெண்கள் எல்லாரும் இரண்டு கழனி தாண்டி, ஒரு நிலக்காரரின் இஞ்சின் ஓடும் கிணற்றுக்குப் போக வேண்டும். அவர் தண்ணீர் இல்லை என்று சொல்கிறவர் அல்ல. ஆனால் முதலில் கரும்பு குடிக்கும், பிறகுதான் குடம். அதுவரை வரப்பில் காத்திருக்க வேண்டும். அத்தை அதே வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகி இரண்டு வருஷம் ஆகிறது. நிறைந்த குடத்தோடு அவள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவதைப் பின்னாலிருந்து பார்த்தால் நமக்கு இடுப்பு வலிக்கும்.

இந்த வருஷம், பாகூரைச் சுற்றிய ஊர்கள் சேர்ந்த எங்கள் கொம்யூனில் ஒரே ஒரு கிணற்றை ஆழப்படுத்தி உறை இறக்க அனுமதி வந்திருந்தது. அது எங்கள் தெருக் கிணறாக இருக்குமா இருக்காதா என்பதுதான் அந்த அட்டையில் இருந்தது.

அட்டை என் கைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். அப்பா ரேகை வைப்பார். அம்மாவுக்கு அதற்கும் வேலை வந்ததில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் பிரெவே தேர்வு வரைக்கும் படித்துத் தேறினேன். தேறிய காகிதத்தை அப்பா வேட்டி முனையில் முடிந்து எடுத்துப்போய், கரும்பு வண்டி ஓட்டுகிறவர்களிடம் எல்லாம் விரித்துக் காட்டினார். அவரும் படிக்கவில்லை, அவர்களும் படிக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் அதை நேராகப் பிடித்தே பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரர் போன பிறகு பாகூரில் வளர்ச்சி அலுவலகம் திறந்தார்கள். ஊர்களுக்குள் போய்ப் பெண்களோடு பேசவும் எழுதவும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றார்கள். நான் போனேன். எங்கள் தெருவிலிருந்து எழுத்து வேலைக்குப் போன முதல் பெண் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று கிணறு அளப்பது. ஆறு ஊர், ஆறு குடிதண்ணீர்க் கிணறு; எங்கள் ஊருக்கு எங்கள் தெருக் கிணறு. மாதக் கடைசியில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் எத்தனை கீழே இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு தேங்காய்நார்க் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுகளுக்கு நடுவில் கால் கால் மீட்டருக்குத் துணி சுற்றி நானே செய்துகொண்டேன். கல் தண்ணீரைத் தொட்டதும் கையில் தெரியும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, தரைக்கும் அதற்கும் எத்தனை முடிச்சு என்று எண்ணுவேன். கிருமாம்பாக்கம் பக்கம் முதல் தடவை போனபோது தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ஒரு பெண், "இன்னா பொண்ணே, கயிறும் கையுமா வர்ற? மாடு ஓடிப்போச்சா?" என்று கேட்டாள். கிணற்றடியே சிரித்தது. மறுமாதம் போனபோது, "மாடு கெடச்சுதா?" என்றாள். பன்னிரண்டு மாதமும் அந்த மாட்டை விடவில்லை.

ஒரு வருஷக் கணக்கு சேர்ந்ததும் அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நோட்டைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா, நாலு, அம்பது? ஒரே மாசத்துல ரெண்டு தடவ அளந்தியா?"

"இல்லீங்க சார். நாலரை மீட்டர்."

"அப்ப நடுவுல புள்ளி இல்ல வெக்கணும்? நீ கமா வெச்சிருக்கியே."

"எங்க பிரெஞ்சுப் பள்ளியில கமாதாங்க சார் சொல்லிக்குடுத்தாங்க."

அவர் நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார். "புள்ளி வெச்சா உங்க மேருக்குப் புரியாது, கமா வெச்சா எனக்குப் புரியாது. கூட்டத்துல பாதிப் பேருக்கு ரெண்டும் புரியாது. எண்ணே வேணாம். படமாப் போட்டுடு."

மேர் என்றால் கொம்யூனின் தலைவர். ஆனி முதல் வாரத்தில் அவர் தலைமையில் உறுப்பினர்கள் கூடி, எந்தக் கிணறு என்று முடிவு செய்வதாக இருந்தது.

படம் போடுவது எப்படி என்று பார்க்க அலுவலர் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. படங்களை மட்டும் பார்த்தேன். கோடு ஏறி இறங்கும் படம், தூண் தூணாக நிற்கும் படம், துண்டு போட்ட வட்டம் என்று இருந்தன. வட்டம்தான் அழகாக இருந்தது. அதனால் வட்டத்தை எடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அத்தை கேலி செய்துவிட்டுப் போன அந்த வட்டத்தை மறுநாள் அலுவலர் மேசையில் விரித்தேன். அவருக்கும் பிடித்திருந்தது. "பேஷ். அப்பத்தப் பங்கு போட்ட மாதிரி இருக்கு. வட்டம் மொத்தமும் எவ்ளோம்மா?"

"இருபத்தாறு மீட்டருங்க சார்."

"இருபத்தாறா? அவ்ளோ ஆழம் எந்த ஊர்ல?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வட்டத்தில் ஊரைத் தேடினேன். இருபத்தாறு மீட்டர் எந்த ஊரிலும் இல்லை. ஆறு கிணற்றின் ஆழத்தையும் நான் கூட்டியதால் வந்த எண் அது. கூட்டல் சரி. ஆனால் அப்படி ஒரு கிணறு பூமியில் கிடையாது. ஒரு களத்து நெல்லை ஆறு பேர் பிரித்துக்கொண்டால் வட்டம் போடலாம். முழு வட்டமும் அந்தக் களம் என்று காட்டலாம். ஒரு ஊர்க் கிணறு இன்னொரு ஊர்க் கிணற்றின் பங்காளி இல்லை. பங்கு போட முடியாததைப் பங்கு போட்டு, அதற்கு மஞ்சளும் பச்சையும் வேறு தீட்டியிருந்தேன்.

"நாளைக்கு வேற கொண்டாரன் சார்" என்று அட்டையைச் சுருட்டிக்கொண்டேன்.

அடுத்து தூண்களை எடுத்தேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் பன்னிரண்டு மாத அளவையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, வந்த சராசரிக்கு ஒரு தூண். ஆறு தூண்களும் கீழே ஒரே கோட்டில் நின்று மேலே ஏறின. தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு உயரம். நேர்த்தியாக வந்திருந்தது. அலுவலக வராந்தாச் சுவரில் ஒட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

விதைநெல் கேட்டு வந்த இரண்டு விவசாயிகள் அதன் முன்னால் நின்றார்கள். அவர்களில் உயரமானவர் கொம்யூன் உறுப்பினர். கூட வந்தவருக்கு அவரே விளக்கம் சொன்னார்.

"இது ஊர்க் கெணறுங்கடா. பாரு, இந்த ஊருக்கு தண்ணி நெத்தி மட்டும் நிக்குது."

"எந்த ஊர்ணா அது?"

"செலியமேடுன்னு போட்டிருக்குது."

"அவங்களுக்கு இன்னா கொற! நம்ம கெணத்தப் பாரு, மொழங்கால் அளவுகூட இல்ல."

எழுந்துபோய், "ஐயா, அது அப்படி இல்லீங்க. தூண் உசரமா இருந்தா தண்ணி கீழ இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

உயரமானவர் என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "உசரமா இருந்தா கீழ. குள்ளமா இருந்தா மேல. இன்னாமா இது, மாமியா வூட்டு நியாயம் மாதிரி இருக்குது?"

இருவரும் சிரித்துக்கொண்டே விதைநெல்லுக்குப் போய்விட்டார்கள். எனக்குக் காது சூடேறியது. எழுத்துக்கூட்டி ஊர்ப் பெயர் படிக்கிறவர்கள், படத்தை எப்படிப் படிப்பார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று முழுவதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது அந்த வாக்கியம்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூடவே இன்னொரு விஷயமும் உறுத்தியது. ஆறு தூண்களில் எங்கள் ஊர் உயரத்தில் நாலாவதாக நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கிணறு எட்டிக் குனிந்தால் கைக்கு எட்டும் அளவுக்கு நிறையும். சித்திரையில் மணல் தெரியும். இரண்டையும் கூட்டி வகுத்தால் நடுத்தரமான ஒரு கிணறு வருகிறது. அத்தை கார்த்திகைத் தண்ணீரைச் சித்திரையில் குடிக்க முடியுமா?

மாதக் கடைசி வந்தது. வைகாசி அளவை எடுத்துக்கொண்டு திரும்பி, ஈரக் கயிற்றை வராந்தா உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டேன். கல் கீழே ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றுக்குப் பக்கத்துச் சுவரில் என் தூண்கள். கயிறு மேலிருந்து இறங்குகிறது. தூண் கீழிருந்து ஏறுகிறது. ஒரு வருஷமாக என் கை கீழே விட்ட கயிற்றை என் பென்சில் மேலே ஏற்றியிருந்தது. "தண்ணி கீழ போயிடுச்சு" என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன். கீழே போனதை உயரமாக வரைந்தால் எந்த விவசாயி நம்புவான்? அவர்கள் சரியாகத்தான் படித்திருந்தார்கள். நான்தான் கிணற்றைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

தூண்களைக் கிழித்துப்போட்டேன். ஒரு கிணற்றுக்கு ஒரு தாள் என்று ஆறு கட்டத்தாள் எடுத்துக்கொண்டேன். தாளின் மேல் பக்கம் தடித்த பச்சைக் கோடு, அது தரை. அடியில் தடித்த பழுப்புக் கோடு, அது கிணற்றின் அடிமண். பச்சைக் கோட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு கோடு வீதம் பன்னிரண்டு கோடுகள் கயிறு போலத் தொங்கும். எந்த மாதக் கோடு பழுப்பைத் தொடுகிறதோ அந்த மாதம் கிணறு வறண்டது. அந்தக் கோடுகளின் நுனிகளைப் புத்தகத்தில் இருப்பதுபோல வளைத்து இணைக்கலாமா என்று பார்த்தேன். இணைத்தால் அழகாக இருக்கும். ஆனால் ஒரு மாதக் கடைசிக்கும் அடுத்த மாதக் கடைசிக்கும் நடுவில் தண்ணீர் எப்படி ஏறி இறங்கியது என்று எனக்குத் தெரியாது, நான் அளக்கவில்லை. தெரியாத இடத்தில் கோடு போட மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தாளை முதலில் வரைந்தபோது, மீட்டருக்கு இரண்டு கட்டம் என்பதை மூன்று கட்டம் ஆக்கினேன். தெரிந்தேதான் செய்தேன். கோடுகள் எல்லாம் நீளமாகத் தொங்கி, கிணறு பாதாளம்போல் தெரிந்தது. அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுதாண்டி நம்ம கெணறு! இத்தினி நாளா இன்னா வட்டம் போட்டுக்கிட்டிருந்த? இதக் காட்டு, போதும்."

அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையை இந்தக் கோடையில் நான் பார்க்கவில்லை. ஆனால் மற்ற ஐந்து தாள்களையும் பக்கத்தில் வைத்தபோது எங்கள் கிணறு மட்டும் ஊதிப்போன முகம்போல் இருந்தது. எல்லாக் கிணற்றையும் ஒரே கயிற்றால் அளந்தேன். வரையும்போது எங்கள் ஊருக்கு மட்டும் வேறு கயிறா? கிழித்துவிட்டு, மற்றவற்றைப் போலவே மீட்டருக்கு இரண்டு கட்டமாக மறுபடி வரைந்தேன். பிறகு ஆறு தாள்களிலும் ஊர்ப் பெயரைப் பின்பக்கம் எழுதி, முன்பக்கம் ஒன்று முதல் ஆறு வரை எண் மட்டும் போட்டேன். பார்க்கிறவர்கள் ஊரைப் பார்க்கக் கூடாது, கிணற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். என்னையும் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற கர்வமும் அதில் இருந்தது.

கூட்டத்தில் ஆறு தாள்களும் சுவரில் வரிசையாகத் தொங்கின. மேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். வயதானவர், டவுனில் படித்தவர். என்னை எப்போதும் பிரெஞ்சு மரியாதையில் மத்மசேல் என்றுதான் கூப்பிடுவார்.

"மத்மசேல், எல்லாத்தையும் தலைகீழா மாட்டியிருக்கே" என்று முதல் தாளைத் திருப்பக் கை நீட்டினார்.

"திருப்பாதீங்க மேர் ஐயா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விதைநெல்லுக்கு வந்த அந்த உயரமான உறுப்பினர். "அது கெணறு. மேல குந்திக்கினு கீழ எட்டிப் பாருங்க, தெரியும். பச்சை தரை. கோடெல்லாம் கயிறு. அடியில போயி இடிக்குது பாருங்க, அங்க மண்ணு."

அவர் என் பக்கம் திரும்பி, "இப்ப நியாயமா இருக்குதுமா" என்றார். பிரெவே தேறிய அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அதன் பிறகு யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நாலு தாள்களில் எந்தக் கோடும் அடியைத் தொடவில்லை. அவற்றை அவர்களே ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் இரண்டாவது தாளும் ஐந்தாவது தாளும். இரண்டாவதில் சித்திரை, வைகாசி இரண்டு கோடுகள் அடியில் இடித்தன. ஐந்தாவதில் பங்குனியும் சேர்ந்து மூன்று.

"மூணு மாசம் வெறும் மண்ணு. இதுக்கு மேல இன்னா யோசன?" என்றார் உயரமானவர். மற்றவர்களும் தலையசைத்தார்கள். மேர் ஐந்தாவது தாளைத் திருப்பிப் பின்பக்கம் இருந்த பெயரைப் படித்தார். அது எங்கள் ஊர் இல்லை.

எது எங்கள் தாள் என்று எனக்கு முதலிலேயே தெரியும். இரண்டு கோடா மூன்று கோடா என்றும் தெரியும். வரைந்தவளே நான்தானே. ஆனாலும் அவர் திருப்பும்போது வேறு பெயர் இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் பார்த்தேன்.

அன்று மாலை அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"உன் கையாலயே நம்ம கெணத்த மூடிட்டியேடி."

"அவங்களுக்கு மூணு மாசம் அத்த. நமக்கு ரெண்டு."

"பேரையாவது எழுதி வெச்சிருந்தா, நம்ம ஊருப் பொண்ணாச்சேன்னு பார்த்திருப்பாங்க இல்ல?"

"எழுதியிருந்தாலும் மூணு ரெண்டவிடப் பெருசுதான்."

"படிச்சவ பேச்சு" என்று உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இஞ்சின் கிணற்றுக்குப் போனேன். ஆனி பிறந்தும் எங்கள் கிணற்றில் கலங்கல்தான் ஊறியிருந்தது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வரப்பு நெடுகப் பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் இரண்டு மூன்று குடம்.

"வாடி கலெக்டரம்மா," என்றாள் ஒருத்தி, "இங்கயும் கயிறு விடப் போறியா?"

"கெணறு வரஞ்சா, தண்ணி வரஞ்சா," என்றாள் அத்தை, என்னைப் பார்க்காமல் கரும்பைப் பார்த்து. "நாம குந்தியிருக்கிறத மட்டும் வரையலயே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் ஆறு தாள்களிலும் தண்ணீர் எத்தனை கீழே இருக்கிறது என்று இருந்தது. அது இல்லாதபோது எத்தனை குடம் வேறு கிணற்றடியில் காத்திருக்கிறது என்று எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்காத கேள்விக்கு எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் பதில் இருக்காது.

அடுத்த வருஷத்துக் கிணறு எது என்று தை மாதமே கேட்பார்கள். அதுவரை காத்திருக்கவில்லை. கிணறு வறண்ட அந்த இரண்டு ஊர்களிலும் ஆனி மாதத்திலேயே மூன்று மூன்று நாள் விடியற்காலையில் போய் உட்கார்ந்து குடங்களை எண்ணினேன். உறை இறக்கத் தொடங்குமுன் முதலில் ஐந்தாவது தாளின் ஊரில்; ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்கும் வேண்டும். பிறகு எங்கள் வரப்பில். எங்கள் வரப்பில் எண்ணும்போது அத்தை, "என் குடத்துல நெளிசல் இருக்குது, அரைன்னு எழுதிடாத" என்றாள். அன்றுதான் பழையபடி பேசினாள்.

எண்ணியதை வரைந்தாயிற்று. இந்தத் தடவை தூண்கள்தான், எண்ணிய நாளுக்கு ஒன்று. தரையிலிருந்து மேல்நோக்கி நிற்கின்றன. குடத்தை யாரும் கீழ்நோக்கி அடுக்குவதில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே அளவு கட்டம். முந்தாநாள் அந்தத் தாளை, ஊர்ப் பெயர்களைப் பின்பக்கம் எழுதி, அலுவலர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.